டீ ஆறறதுக்குள்ள நின்னுடும்

...மாடல் நம்பர், மாடல் நம்பர், மாடல் நம்பர். எந்தக் கடைக்குப் போனாலும் இதே பாட்டுத்தான் தம்பி. நான் என்ன கேக்கறேன், புல்லு வெட்டற மெஷினுக்கு ஒரு கார்புரேட்டர். பழச வேற டிபன் டப்பாவுல வச்சு, துணி சுத்தி, குழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரி கொண்டு போயிருக்கேன். இதே மாதிரி ஒண்ணு குடுங்கன்னு நீட்டறேன். கடைக்காரரு அத எட்டிக்கூடப் பாக்கல. கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுக்கிட்டு, கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு, "மாடல் நம்பர் சொல்லுங்கம்மா"ங்கறாரு. கண்ணாடிய கண்ணுல போட்டாத்தானே முன்னாடி நிக்கறது தெரியும்.

பாத்து வாங்க, அந்தப் படி ஆடும். ஷெட்டுக் கதவு கொஞ்சம் எறங்கியிருக்கு, லேசாத் தூக்கித் தள்ளணும்... ஆங், அப்படித்தான். தோட்ட வேலை பாக்கறவரு கைன்னு தெரியுது. எங்க வீட்டுக்காரரு தள்ளினா கதவு கையோட வந்துடும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆமா, நம்பரு. நம்பரு எங்கய்யா இருக்கும்னு கேட்டேன். மெஷின் மேல சின்னதா ஒரு தகடு இருக்கும்மா, அதுல அடிச்சிருப்பாங்கன்னாரு. தகடு இருக்கு. நம்பரு இல்ல. எப்படி இருக்கும்? மெஷினு வந்த புதுசுல நான் உக்காந்து கம்பி நாரு போட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்ச்சேன்ல, அதோட போயிடுச்சு. வீட்டுல இருக்கற பொருளச் சுத்தமா வச்சுக்கறது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்க. அவரு என்னமோ நான் ஆதாரத்த அழிச்ச மாதிரி பாத்தாரு.

இந்தா, இதுதான். ஃபோன்ல சொன்னேன்ல, பச்சை உடம்பு, கறுப்புச் சக்கரம். உங்ககிட்ட இருக்கறதும் இதே ஜாதிதான்னு சொன்னீங்க. அந்தக் கம்பெனி இந்த மாடல நிறுத்தி ரொம்ப நாளாச்சாம், பார்ட்ஸ் கெடைக்கவே மாட்டேங்குதுன்னு நீங்களும் அலையறீங்க பாவம். எடுத்துக்குங்க. சக்கரம், ப்ளேடு, கைப்பிடி, கயிறு எல்லாத்தையும் கழட்டி உங்க மெஷின்ல போட்டுக்குங்க. ஒரு ஸ்க்ரூ கூட எனக்கு வேணாம். மத்தியானத்துக்குள்ள இந்த எடம் காலியா இருக்கணும், அவ்ளோதான். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பெட்ரோல் இருக்கு, மூடியத் தெறந்து பாருங்க. அட, அந்தத் தாள ஏன் எடுக்கறீங்க... சரி, எடுத்தது எடுத்துட்டீங்க, கீழ போட்டுடாதீங்க, அந்தப் பலகை மேல வைங்க. அது நான் வச்சது. வெளியூரு போறப்ப எண்ணெய் பாட்டிலு எடுத்துட்டுப் போறோம்ல, பாட்டில் வாயில ஒரு பிளாஸ்டிக் தாள மடிச்சு வச்சு அது மேல மூடியத் திருகுவோமே, ஒழுகாம இருக்க? அதேதான். இந்த ஷெட்டுக்கும் என் சமையல்கட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு செவுரு. வந்த புதுசுல டீ போட்டா டீயில பெட்ரோல் வாசனை, தலைக்கு எண்ணெய் வச்சா எண்ணெயில பெட்ரோல் வாசனை. எங்கேருந்துடா வருதுன்னு பாத்தா, மூடியில ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. செஞ்சு விக்கறவனுக்கு ஒரு மூடிய ஒழுங்காச் செய்யத் தெரியல பாத்தீங்களா. ஓட்டை மூடிய வச்சுக்கிட்டு எந்தப் பொம்பளையாவது சும்மா இருப்பாளா? தாள வச்சேன், இறுக்கித் திருகினேன், வாசனை நின்னுச்சு. இந்த மெஷின்ல ஒழுங்கா வேலை செய்யறது அந்தத் தாளு ஒண்ணுதான்.

இழுங்க. கயித்த ஒரே இழுப்பு, வந்துடும். அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது... பாத்தீங்களா. சத்தத்தக் கேளுங்க, எவ்ளோ நல்லா இருக்கு. ஏமாந்துடாதீங்க. வெளிய புல்லுக்குத் தள்ளிட்டு வாங்க, ஷெட்டுக்குள்ள புகை சுத்தும். நான் பொய் சொல்லி ஒரு பொருள விக்கமாட்டேன் தம்பி, கொறை என்னன்னு உங்க கண்ணால பாத்துடுங்க. அந்த முயல் படம் போட்டிருக்குல்ல, நெம்புகோல அந்தப் பக்கம் தள்ளுங்க. ஆமைப் பக்கம் வச்சா மெதுவா ஓடும். முயலோ ஆமையோ, ரெண்டும் இந்தத் தோட்டத்துல பாதி தூரம்தான் போகும்.

இந்தாங்க டீ. மதில் மேல வைக்கறேன். கொதிக்கக் கொதிக்க இருக்கு, இப்பக் குடிக்காதீங்க, நாக்கு வெந்துடும். இந்த டீதான் எனக்குக் கடியாரம். டீ ஆறறதுக்குள்ள மெஷினு நின்னுடும். என்னிக்கும் தப்பினதில்ல. டப்புன்னு நிக்காது, அதுலயும் ஒரு நாடகம். மொதல்ல ரெண்டு இருமல் இருமும், அப்புறம் ஒரு மூச்சு இழுக்கும், அப்புறம்தான் நிக்கும். கொஞ்ச நேரம் விட்டுட்டு இழுத்தா மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். இப்படியே விட்டு விட்டு வெட்டினதுல என் புல்லு படி படியா நிக்குது பாருங்க. சத்தத்துல நான் பேசறது கேக்குதா? கேக்குதுல்ல. எனக்குக் குரல் எப்பவும் எட்டும்.

எவ்ளோ பார்ட்ஸ் மாத்தியாச்சுங்கறீங்க. என் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான், எங்க வீட்டுல அவனுக்குப் பேரே வெவரம். எல்லா வெவரமும் தெரியும் அவனுக்கு. வந்தான், மெஷினச் சுத்தி ஒரு நடை நடந்தான், "ப்ளக்கு"ன்னான். ப்ளக்கு வாங்கி மாத்தினான். மூடியத் தெறந்து பெட்ரோல் பாத்தான், கயித்த இழுத்தான், ஓடிச்சு. "பாத்தியா அக்கா"ன்னு மார நிமித்திக்கிட்டு வண்டியேறினான். அவன் தெருமுனை திரும்பியிருக்க மாட்டான், இங்க இருமல் ஆரம்பிச்சாச்சு. மறுபடி வந்தான், "ஏர் ஃபில்டரு"ன்னான். அது ஒரு பஞ்சு. சோப்புப் போட்டு அலசி, கொடியில காயப் போட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரரு அத எடுத்து அன்னிக்கு ராத்திரித் தட்டெல்லாம் கழுவி வச்சுட்டாரு. என்னங்க இதுன்னா, புதுப் பஞ்சு நல்லாத் தேய்க்குதுங்கறாரு. என்னத்தச் சொல்ல.

அவரு உள்ள இருக்காரு. கூப்பிட்டாலும் வரமாட்டாரு. மெஷினு ஓட்டறப்பக் காதுல மாட்டிக்க ஒரு காது மூடி வாங்கினோம், ரெண்டு பக்கமும் கிண்ணம் கவுத்த மாதிரி இருக்குமே, அது. மெஷினு ஓடாதப்பவும் அத மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. சாப்பிடறப்பக்கூட. ஏங்கன்னா காது குளிருதுங்கறாரு. வெயில் மண்டையப் பொளக்குது, இவருக்குக் காது குளிருது.

குடிங்க, குடிங்க, இப்பப் பதமா இருக்கும். மெஷினப் பாத்துக்கிட்டே குடிங்க.

வெவரம் விடல. பெட்ரோல் குழாய மாத்தினான். கடைசியில "கார்புரேட்டரேதான்"னுட்டான். அதுக்குத்தான் கடை கடையா ஏறினேன். ஒருத்தரு இல்லன்னாரு, ஒருத்தரு வரும்னாரு, ஒருத்தரு இதுக்குப் புது மெஷினே வாங்கிடலாமேன்னாரு. அதச் சொல்ல நீங்க எதுக்கு? பார்சல்ல வரவழைச்சோம். டப்பாவத் தொறந்தா பாக்க அச்சு அசலா அதேதான். வச்சுப் பாத்தா போல்ட்டு ஓட்டை ஒரு மயிரிழை தள்ளி நிக்குது. வெவரம் சுத்தியல எடுத்தான், நான் அவன் கையத் தட்டி விட்டேன். திருப்பி அனுப்பிட்டோம். அப்புறம் பழைய இரும்புக் கடைக்கு நானே போனேன். மலை மாதிரிக் குவிஞ்சு கெடக்கு. கட்டிலு, சைக்கிளு, குளிக்கற தொட்டி. அந்தத் தொட்டிக்கு அடியில இதே பச்சை தெரிஞ்சுது தம்பி. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, தொலைஞ்சு போன சொந்தக்காரரப் பாத்த மாதிரி. புடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறிட்டேன். ஸ்க்ரூ டிரைவரு கைப்பையிலயே இருந்துது, நானே கழட்டினேன். கடைக்காரரு கீழேருந்து ஐயோம்மா ஐயோம்மாங்கறாரு, நான் கார்புரேட்டரோடதான் எறங்கினேன். கொண்டு வந்து மாட்டினோம். நல்லா ஓடிச்சு. மறுநாளு டீ ஆறறதுக்குள்ள நின்னுடுச்சு.

இதுல என்ன வேடிக்கைன்னா, மாடல் நம்பர் கேட்டாரே, அந்தக் கண்ணாடிக்காரரு கடையில மட்டும் நிக்கறதே இல்ல. ஒரு தடவ வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் எறக்கினேன். வெளிய எடுத்துட்டுப் போறப்ப நான் சும்மா எடுத்துட்டுப் போகமாட்டேன், தொடச்சு, சக்கரத்து மண்ணெல்லாம் சொரண்டி, அந்தத் தாளையும் எடுத்துடுவேன். நாலு பேரு பாக்கற எடத்துல மூடிக்கு அடியில பிளாஸ்டிக் நீட்டிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? அங்க வச்சு ஓட்டினாரு பாருங்க, கடையில வந்து போன ஆளுங்க எல்லாம் வந்து போயாச்சு, அது பாட்டுக்கு ஓடுது. "மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா, உங்க வீட்டுப் புல்லுலதான் ஏதோ இருக்கு"ன்னு சிரிக்கறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... வீட்டுக்குக் கொண்டு வந்தேன், சுத்தமா மூடி வச்சேன், மறுநாளு ஓட்டினேன், இருமல். மானத்த வாங்கறதுக்குன்னே வந்த மெஷினு.

யாரு குடுத்ததா? அதக் கேக்கறீங்களா. எங்க மாப்பிள்ளை குடுத்தது.

மாப்பிள்ளையக் கொறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. நல்லவரு. என் மகளக் கண் கலங்க விட்டதில்ல. பெரிய பெரிய மைதானத்துல எல்லாம் புல்லு வெட்டற கம்பெனியில மெஷினு ரிப்பேரு பாக்கறாரு. இது அவங்க கழிச்சுப் போட்ட மெஷினு. இதுக்கு ஒரு சக்கரம் ஒரு எடத்துல, நெம்புகோல் ஒரு எடத்துலன்னு தேடித் தேடிச் சேத்து, பெயின்ட் அடிச்சு, உருட்டிக்கிட்டு வந்து நிறுத்தினாரு. என் பேத்தி அப்பத்தான் நடை பழகறா. இங்க புல்லு முள்ளு முள்ளா நின்னுது, பிஞ்சுக் காலுல குத்தும்னுதான் குடுத்தாரு. அவ மொதல் மொதல்ல யாரு கையும் புடிக்காம நடந்தது இந்தா இங்க, நீங்க நிக்கறீங்களே அந்த எடத்துலதான். விழுந்தா, எழுந்தா, என்னப் பாத்து ஓடி வந்தா.

மாப்பிள்ளைகிட்ட ஒரே ஒரு கஷ்டம், பேச்சு. ஒரு வாக்கியத்த ஆரம்பிச்சாருன்னா அவரு முடிக்கறதுக்குள்ள நான் துணி காயப் போட்டுட்டே வந்துடலாம். "அத்தை..."ம்பாரு. அப்புறம் யோசிப்பாரு. அப்புறம் தொண்டையக் கனைப்பாரு. யாரால காத்துக்கிட்டிருக்க முடியும்? நானே முடிச்சு வச்சுடுவேன். மெஷினு குடுத்த அன்னிக்கே பாருங்க, கெளம்பற நேரம், கேட்டுக்கிட்ட நிக்கறாரு. கையில இந்த மூடியத் தூக்கிப் புடிச்சிருக்காரு. "அத்தை, இந்த மூடி..."ன்னாரு. மூடியப் பத்தி எனக்கா மாப்பிள்ளை பாடம்னு கேட்டேன். எத்தனை டப்பா, எத்தனை பாட்டிலு, எல்லாத்துக்கும் நான்தானே மூடி போடறேன். எல்லாம் எனக்குத் தெரியும், பாத்துப் போங்க, குழந்தைக்குத் தூக்கம் வருதுன்னு அனுப்பி வச்சேன். அவரும் சிரிச்சுக்கிட்டே மூடிய மாட்டிட்டுப் போயிட்டாரு.

என்ன, ஏன் அப்படிப் பாக்கறீங்க? டீயில சக்கரை தூக்கலா?

கேளுங்க. அப்புறம் ஒரு நாளு மகளும் மாப்பிள்ளையும் வந்தாங்க. கம்பெனிய விட்டுட்டுச் சொந்தமா ரிப்பேரு கடை வைக்கப் போறாராம். எடம் வேணும். இந்த ஷெட்டு தெருவப் பாத்துத்தானே இருக்கு, இதக் குடுப்பீங்களாம்மான்னு மக கேட்டா. அவரு பக்கத்துல உக்காந்து தட்டையே பாத்துக்கிட்டிருக்காரு. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. அன்னிக்குக் காலையிலதான் மெஷினு மூணு தடவ நின்னு என் உயிர எடுத்திருந்துது. "நீங்க எனக்குக் குடுத்த மெஷினே ஒரு டீ ஆறற வரைக்கும் ஓட மாட்டேங்குது மாப்பிள்ளை, ஊராரு மெஷின எப்படி ஓட வைப்பீங்க"ன்னு கேட்டுட்டேன். விளையாட்டாத்தான் கேட்டேன். வெவரம் அங்கதான் இருந்தான், அவன் வேற சத்தம் போட்டுச் சிரிச்சான். மாப்பிள்ளை கைய அலம்பிட்டு எழுந்து போய் வாசல்ல நின்னாரு.

போறப்ப, "நான் ஒரு தடவ பாக்கட்டுமா அத்தை"ன்னாரு. வேணாம், என் தம்பி பாத்துக்கறான்னுட்டேன். அப்புறமும் மக ஃபோன்ல சொன்னா, அவரு வந்து பாக்கறேங்கறாரும்மான்னு. வேணாம்னுட்டேன். ஒரு தடவ வேணாம்னுட்டா அப்புறம் சரிங்கறது வாயில வர மாட்டேங்குது எனக்கு.

இப்ப வேற ஊருல எடம் பாத்துட்டாங்க. ரொம்பத் தூரம். அடுத்த வாரம் சாமான் ஏத்தறாங்க. இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வராங்க, சொல்லிட்டுப் போக. பேத்திக்கு அங்க பள்ளிக்கூடம்கூடப் பாத்தாச்சாம். நல்லா இருக்கட்டும். எனக்கென்ன, நான் வருத்தப்படறேனா? புல்லு வளந்தா வளந்துட்டுப் போகுது, இனிமே யாரு நடக்கப் போறா இதுல. அவரு வந்தா மொதல்ல ஷெட்டுப் பக்கம்தான் கண்ணு போகும். இத வச்சுக்கிட்டு அவரு மொகத்தப் பாக்க எனக்கு ஆகாது தம்பி. அதான் மத்தியானத்துக்குள்ள தூக்கிட்டுப் போங்கன்னேன்.

டீ குடிச்சாச்சா. குடுங்க டம்ளர.

...ஓடிக்கிட்டிருக்கே.

இல்ல, இன்னிக்கு டீ கொஞ்சம் சீக்கிரம் ஆறியிருக்கும். காத்து அடிக்குதுல்ல. இருங்க, இப்ப இருமும் பாருங்க... என்ன இது, புது ஆளப் பாத்தா இதுக்கும் மரியாதை வந்துடுமா? கண்ணாடிக்காரரு கடையில பண்ணின அதே வேலைய இங்கயும் பண்ணுது. என்னப் பொய்க்காரியாக்கறதுலயே குறியா இருக்கு. நீங்க பாட்டுக்கு வெட்டிக்கிட்டே போங்க. அந்த மூலை வரைக்கும் போங்க. அங்க வரைக்கும் இது போனதே கெடையாது... போயிடுச்சு. சரி, திரும்பி வாங்க.

அப்பா, பெட்ரோல் வாசனை எப்படித் தூக்குது பாத்தீங்களா, சாப்பாட்டுக்கு ஆளுங்க வர நேரத்துல. ஆமைக்குக் கொறைங்க. ஒரு நிமிஷம் நிறுத்தறேன், அந்தத் தாள வச்சு மூடிடறேன். நீங்க சொல்லாதீங்க, எனக்கு எப்படி வைக்கணும்னு தெரியும். ரெண்டா மடிச்சு, இப்படி வாயில விரிச்சு, அது மேல மூடி, ஒரு இறுக்கு. இப்ப இழுங்க. முயலுக்குத் தள்ளுங்க.

என் மக சின்ன வயசுல இப்படித்தான், வீட்டுல பாடு பாடுன்னா பாட மாட்டா, யாராவது வந்து உக்காந்தா நிறுத்தவே மாட்டா. எங்க வீட்டுக்காரரு அப்பவே காதுக்கு ஏதாவது கெடைக்குமான்னு தேடினாரு. அவளும் என்ன மாதிரித்தான் பேசுவா, ஆனா மாப்பிள்ளை பேசறப்ப மட்டும் நிறுத்திடுவா. அவரு முழுசா முடிக்கற வரைக்கும் மொகத்தையே பாத்துக்கிட்டிருப்பா. எங்கதான் கத்துக்கிட்டாளோ. என்னாலயெல்லாம் அப்படி இருக்க... கேட்டீங்களா? கேட்டீங்களா இருமல? ரெண்டாவது... மூச்சு இழுக்குது பாருங்க... நின்னுச்சா. நான் சொன்னேன்ல. நான் சொன்னேன்லங்கறேன். ஒரு வார்த்தை பொய் கெடையாது என்கிட்ட. தூக்கிட்டுப் போங்க.

என்ன பண்றீங்க? மூடியையா? ஏன் இப்ப...

என்ன சத்தம் அது? புஸ்ஸுன்னுச்சே. காத்து உள்ள போற மாதிரி.

இழுங்க... ஓடுது.

அந்தத் தாள ஏன் என் மூஞ்சிக்கு நேராப் புடிக்கறீங்க? அது நான் வச்ச... இருங்க. இருங்க தம்பி. இருங்க. மூடியில ஓட்டை. உள்ள இருக்கற பெட்ரோல் எறங்கணும்னா மேலேருந்து காத்து போகணும். எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா கொஞ்சம் விழும், அப்புறம் நின்னுடும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாத்தான் ஒழுங்கா ஊத்தும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். எத்தனை டின்னு குத்தியிருக்கேன் இந்தக் கையால. அந்த ஓட்டையத்தான் நான் அடைச்சு வச்சிருக்கேனா?

அப்ப ப்ளக்கு நல்லா இருந்துதா. குழாயி நல்லா இருந்துதா. குளிக்கற தொட்டிக்கு அடியில நான் பூந்து எடுத்ததெல்லாம்... ஐயோ. வெவரம் வந்தப்பல்லாம் மூடியத் தெறந்தான், காத்து போச்சு, ஓடிச்சு. அவன் போனதும் நான் தாள சரி பண்ணி வச்சேன். கடைக்குப் போறப்ப நானே எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் நானே வச்சேன். சிரிக்காதீங்க தம்பி. சரி, சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது.

"அத்தை, இந்த மூடி..."ன்னாரே. மூடியக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டுத்தானே நின்னாரு. ரெண்டு வார்த்தை. இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருந்தேன்னா... நான் கேக்கல. குழந்தைக்குத் தூக்கம் வருதுன்னேன். குழந்தை நல்லா முழிச்சுக்கிட்டிருந்தா அன்னிக்கு.

நல்ல மெஷினு குடுத்திருக்காரு அந்த மனுஷன். அத நானே மூச்சுத் திணற வச்சுட்டு, உனக்கு வேலை தெரியாதுன்னு நாலு பேரு முன்னாடி சொன்னேன். அந்தப் பேச்சுலதான் வேற ஊரு தேடிக்கிட்டாங்க. என் மகளையும் பேத்தியையும் நானே வண்டி ஏத்தி அனுப்பறேன் தம்பி, வேற யாரும் அனுப்பல.

இல்ல, இத விக்கல. மன்னிச்சுக்குங்க, இவ்ளோ தூரம் வந்தீங்க. ஆனா உங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டேன், நில்லுங்க. அந்தப் பலகைக்கு அடியில ஒரு பெரிய டப்பா இருக்கு, எடுங்க. நாங்க கழட்டிப் போட்டதெல்லாம் அதுலதான். ப்ளக்கு, பஞ்சு... பஞ்சுல தட்டு கழுவியிருக்கு, அது வேணாம். குழாயி, மொதல்ல இருந்த கார்புரேட்டரு. எல்லாம் நல்ல பார்ட்ஸு, ஒண்ணுத்துக்கும் ஒரு கொறையும் இல்லன்னு இப்பத்தானே ரெண்டு பேருமாக் கண்டுபிடிச்சோம். உங்க மெஷினுக்கு அப்படியே பொருந்தும், சுத்தியல் வேணாம். எடுத்துட்டுப் போங்க. ஆனா மொதல்ல உங்க மெஷின் மூடியில ஓட்டை தெறந்திருக்கான்னு பாத்துடுங்க. உங்க வீட்டுலயும் என்ன மாதிரி ஒருத்தி இருக்கலாம்.

அந்தத் தாளையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுங்க, கண்ணுல படக் கூடாது. இல்ல, குடுங்க, இருக்கட்டும். அவருக்குக் காட்டணும். இல்ல, காட்ட வேணாம். என்ன சொல்லலாம் தம்பி? நீங்க வந்து ஏதோ ஒரு பார்ட்டு மாத்தினீங்க, ஓடிடுச்சுன்னு சொல்லலாமா? நீங்க கொஞ்சம் இருந்து ஆமான்னு தலையாட்டினாப் போதும், வாயே தெறக்க வேணாம், இவ்ளோ நேரமும் அதிகம் தெறக்கலையே... வண்டிச் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க. தம்பி? எங்க போனீங்க? டப்பாவையும் காணோம். சந்து வழியாப் போயிட்டாரு போலிருக்கு. போகட்டும், பாவம். பொய்க்குச் சாட்சி வேற வேணுமா எனக்கு.

வாடி கண்ணு, பாட்டிகிட்ட வா வா, மெதுவா, படி ஆடும். புல்லுல எறங்கி ஓடு, அந்த மூலை வரைக்கும் வெட்டியிருக்கு, குத்தாது. மகளே, நீ உள்ள போய் உங்கப்பா காதுலேருந்து அந்தக் காது மூடியக் கழட்டும்மா, விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொல்லு.

வாங்க மாப்பிள்ளை. இருங்க, உள்ள போகாதீங்க. ஆமா, உங்க மெஷினுதான். ரொம்ப நேரமா ஓடுது. இந்தாங்க, ஷெட்டுச் சாவி. கதவு கொஞ்சம் எறங்கியிருக்கு, நீங்கதான் சரி பண்ணிக்கணும். வேற ஊருல சொல்லியிருந்தா என்ன, வரலன்னு சொல்லிடலாம்ல, சாமான் இன்னும் ஏத்தலையே, பள்ளிக்கூடம் இங்க இல்லையா... சரி. அத அப்புறம் பேசலாம். மொதல்ல ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு இதே எடத்துல, "அத்தை, இந்த மூடி"ன்னு ஆரம்பிச்சீங்களே, முடிக்க விடல நான்.

இந்தாங்க, மூடி. கையில புடிங்க.

மெஷின நிறுத்திட்டேன் மாப்பிள்ளை. நானும் நிறுத்திட்டேன். சொல்லுங்க.